உன் படத்தின் கீழே உள்ள வாக்கியம்

நீ போனைத் துண்டித்த பிறகு கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். திரும்பக் கூப்பிடுவாய் என்று எதிர்பார்த்து அல்ல. நீ கேட்டதற்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. பேச்சு எனக்கு எப்போதும் தாமதமாகத்தான் வரும். அதனால் எழுதுகிறேன். எனக்கு வேறு எந்த மொழியிலும் இவ்வளவு எழுத வராது, அதனால் தமிழில். சனிக்கிழமைதோறும் லைப்ரரியில் நடந்த தமிழ் வகுப்புக்கு எட்டு வருஷம் உன்னைக் கொண்டுபோய் விட்டேன்; நீ எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாய். நேரம் எடுக்கும். எடுக்கட்டும்.

"அம்மா, வாட் டிட் யூ டூ?" என்றுதான் நீ ஆரம்பித்தாய். உன் மியூசியத்திலிருந்து மேலதிகாரி கூப்பிட்டு, உன் அம்மா நன்றாக இருக்கிறாரா, மனசு சரியில்லையா என்று விசாரித்தாராம். கண்காட்சிச் சுவரில், உன் போட்டோவுக்குக் கீழே, ஒரு இந்தியப் பெண்மணி கையால் எழுதிய தாளை டேப் போட்டு ஒட்டிவிட்டாராம். "எனக்கு எவ்ளோ எம்பாரஸிங் தெரியுமா? நான் ப்ளவுஸ் போடலன்னுதானே கோவம்? சர்ச் ஆன்ட்டீஸ் என்ன சொல்வாங்கன்னுதானே?" என்றாய். "இல்ல மக்ளே" என்றேன். "தென் வாட்?" என்றாய். எனக்கு வாய் வரவில்லை. நீ வைத்துவிட்டாய். அந்த 'தென் வாட்'டுக்குப் பதில்தான் இது.

உன் கண்காட்சி எனக்குப் புதிது அல்ல. நூற்றைம்பது, இருநூறு வருஷத்துக்கு முந்தைய மெக்சிகோ ஓவியங்களில் பெண்கள் போட்டிருக்கும் உடையைப் பற்றி நீ ஆறு வருஷம் படித்தாய். லீவுக்கு வரும்போதெல்லாம் நம் காப்பெல் வீட்டுச் சமையலறை மேஜையில் லேப்டாப்பை வைத்து, எனக்கு முன்னால் பேசிப் பழகினாய். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டேன். அந்தப் படங்கள் எனக்கு மனப்பாடம். ஜிகினா வைத்த சிவப்புப் பாவாடையும், கழுத்துத் தாழ்ந்த பூவேலைச் சட்டையும், தோளில் நீளச் சால்வையுமாக இடுப்பில் கை வைத்து நிற்கிற பெண். மாவு அரைக்கும் கல்லின் முன் மண்டியிட்டிருக்கிற பெண். பழக்கூடைக்காரி. படத்துக்குக் கீழே தொழிலின் பெயர்தான் அச்சடித்திருக்கும், அவளுடைய பெயர் இருக்காது. நாடு அப்போதுதான் விடுதலை அடைந்திருந்தது, தனக்கென்று ஒரு முகத்தைத் தேடியது, தன் மேஜையில் உட்காரவிடாத பெண்களின் துணியில் அதைக் கண்டுபிடித்தது என்று நீ சொன்னாய். பிறகு பெரிய வீட்டுப் பெண்கள் அதே பாவாடையை ஆசைக்குப் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டார்கள். தெருவில் மட்டும் அதைப் போட மாட்டார்கள், ஏனென்றால் தெருவில் அந்தத் துணிக்கு வேறு பெயர். நீ இதைச் சொன்ன அன்று நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டேன். நீ கவனிக்கவில்லை. ஸ்லைடை மாற்றிவிட்டாய்.

இன்னொன்றும் சொன்னாய். அந்தச் சிவப்புப் பாவாடை உடையே முன்னொரு காலத்தில் நம் இந்தியாவிலிருந்து கப்பலில் அடிமையாகப் போன ஒரு பெண் கொண்டுவந்தது என்று அங்கே ஒரு கதை உண்டாம். கேட்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ சிரித்தாய். "அது பொய்ம்மா. அந்தப் பொண்ணுக்கும் இந்த டிரஸ்ஸுக்கும் சம்பந்தமே இல்ல. பின்னாடி வந்தவங்க அழகா இருக்குன்னு சேர்த்துத் தைச்ச கதை" என்றாய். எங்கோ செத்துப்போன ஒருத்தியின் மேல் போட்ட கதையைப் பிரித்துக் காட்ட நீ இரண்டு வருஷம் பழைய காகிதங்களைப் புரட்டினாய். உன் சொந்த வீட்டுப் பெண்களைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத உனக்கு ஒரு போன் போதுமாக இருந்திருக்கும். எனக்கு ஒரு போன். அதைச் செய்யத் தோன்றவில்லை.

அந்த வாக்கியத்தை நான் முதலில் பார்த்தது ரோசாவோடு உன் மியூசியத்துக்கு வந்தபோது. என்னோடு ஆல்ட்டரேஷன் கடையில் பதினொரு வருஷமாகப் பக்கத்து மிஷினில் உட்காரும் ரோசாவை உனக்குத் தெரியும். உன் கான்வகேஷன் அங்கியைச் சரிசெய்து கொடுத்தவள். அவள் ஊர் மெக்சிகோவில் தெற்குப் பக்கம். உன் படங்களைக் காட்ட வேண்டும் என்று நான்தான் பெருமையாக அழைத்து வந்தேன். நாங்கள் பேசிக்கொள்வது உடைந்த ஆங்கிலம், இங்கே தமிழாக எழுதுகிறேன். தையல்காரிகள் படத்தைப் பார்க்கும் விதம் வேறு. சிவப்புப் பாவாடைக்காரியின் முன்னால் ரோசா குனிந்து நின்றாள்.

"இந்தச் செருப்பப் பாரு. சாட்டின். இதப் போட்டுக்கிட்டு எவ சந்தைக்குப் போவா?"

"படம் வரையறவர் குடுத்திருப்பாரு."

"பாவாடையும் அவர்தான் குடுத்திருப்பாரு. இவ்வளவு ஜிகினா! இதத் துவைக்கிறது யாரு? படம் முடிஞ்சதும் 'கழட்டிக் குடும்மா'ன்னு திருப்பி வாங்கியிருப்பாரு."

அவள் சிரித்த சத்தத்தில் காவலர் திரும்பிப் பார்த்தார். அடுத்த அறையில் ஒரு பூவேலைச் சட்டை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அங்கே அவள் சிரிக்கவில்லை. "எங்கம்மா இது மாதிரி ஒண்ணப் போட்டுக்கிட்டுத்தான் ஊர விட்டு வந்தா. பஸ் ஸ்டாண்ட் பாத்ரூம்ல கழட்டிட்டுக் கடைல வாங்கின கவுன மாட்டிக்கிட்டா. இத உடுத்திட்டு நின்னா ஒரு வீட்டுலயும் வேலைக்கு எடுக்க மாட்டாங்க. இப்ப அதே சட்டைய ஏர்போர்ட்ல கண்ணாடி போட்டு விக்கிறாங்க" என்றாள்.

கடைசி அறையில் நீ இருந்தாய். ஆள் உயரத்துக்குப் போட்டோ. சிவப்புச் சேலை, ஜாக்கெட் இல்லாமல், தோள் தெரிய, அந்தப் பாவாடைக்காரி நிற்கிற மாதிரியே இடுப்பில் கை வைத்து. அழகாக இருந்தாய். இதை நான் போனில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். எனக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் படிக்க வரும் என்பதால் ரோசா கீழே எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தாள். காலனி ஆட்சி நாணத்தைக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால், என் முன்னோர் பெண்கள் இந்த உடையில் சுதந்திரமாக நடந்தார்கள். அதுதான் வாக்கியம். உன் பெயர் அதன் அடியில்.

"சுதந்திரமா," என்றாள் ரோசா. "உங்க பொம்பளைங்க கொடுத்து வச்சவங்க. நெஜமாவா?"

"ஆமா" என்றேன்.

பதினொரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்தவளிடம், தன் அம்மா பாத்ரூமில் சட்டையைக் கழற்றிய கதையை அப்போதுதான் சொன்னவளிடம், நான் பொய் சொன்னேன். உன் வாக்கியத்தைக் காப்பாற்றுவதற்காக. காரில் திரும்பி வரும்போது அவள் வேறு ஏதோ பேசிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

நீ சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாய், அம்மா ஏன் படிப்பை விட்டாள் என்று. படிப்பு வரவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். உன் ஹைஸ்கூல் காலத்தில் தோழிகளிடம் "மை மாம் டிடின்ட் ஈவன் ஃபினிஷ் டென்த்" என்று சொல்லித் தோளைக் குலுக்குவாய். நானும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பேன். எனக்குப் படிப்பு வந்தது. கணக்கில் வகுப்பில் இரண்டாவதாக இருந்தேன். வாய்தான் வராது. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே கழுத்து வரை சூடேறும். ஒன்பதாம் வகுப்பில் எங்கள் யூனிஃபார்ம் நீலப் பாவாடை, வெள்ளை ஜாக்கெட், வெள்ளைத் தாவணி. என் ஜாக்கெட் பெரியம்மா மகள் போட்டுப் பழசாகிக் கொடுத்தது, கை இறுக்கம். ஒரு நாள் கணக்கு டீச்சர் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். மேலே எட்டி எழுதக் கையைத் தூக்கினேன். அக்குள் தையல் விட்டு, தோள் வரை கிழிந்தது. வகுப்பு முழுக்கக் கேட்கும் சத்தம் அது. தாவணியை இழுத்துப் போர்த்தினேன். டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "எதுக்குட்டி இப்பிடி நடுங்குக? உங்க ஆளுகளுக்கு முன்ன அதுவுங்கூட கெடையாதுல்லா" என்றார்.

அறுபது பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் எங்கள் ஆட்களே. அவர்களுக்கும் அர்த்தம் தெரியாது. டீச்சர் சிரித்ததால் சிரித்தார்கள். எனக்கும் தெரியாது. மதியம் புத்தகப் பையை முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக், அன்று காலை ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "அவ சொன்னது பொய்யில்ல மக்ளே. ஆனா பாதிதான் சொல்லியிருக்கா. கெடையாதுன்னு சொன்னா. போட விடல்லன்னு சொல்லல்ல, பாத்தியா" என்றார். பாதி சாப்பாட்டில் மிச்சத்தைச் சொன்னார். நாங்கள் பனையேறுகிற சாதி. திருவிதாங்கூர் ராஜாவின் காலத்தில் எங்கள் பெண்கள் மேல்சாதிக்காரர்கள் முன்னால் மார்பை மூடக் கூடாது. அது மரியாதைக் குறைவு என்று சட்டம். கோவிலுக்குப் போகாமல் சர்ச்சுக்குப் போக ஆரம்பித்தவர்களுக்கு வெள்ளைக்கார அம்மாமார் ஜாக்கெட் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்களை நிறுத்தி, கூட்டத்தின் நடுவில் கிழித்தார்கள். மறுபடி தைத்துப் போட்டுக்கொண்டு போனார்கள். மறுபடி கிழித்தார்கள். சர்ச்சுகளைக் கொளுத்தினார்கள். வருஷக்கணக்காக இது நடந்து, கடைசியில் ராஜா உத்தரவு போட்டார்: மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மூடுகிற மாதிரி மூடக் கூடாது. உன் மெக்சிகோவிலும் எந்த நிறத்துப் பெண் எந்தத் துணி உடுத்தலாம் என்று ஒரு காலத்தில் சட்டம் இருந்தது என்று நீ என் சமையலறையில் சொன்னாயே, அன்று எனக்கு என் அப்பாவின் சோற்றுத் தட்டுதான் கண்ணில் நின்றது.

"நாளைக்குப் பள்ளிக்கொடம் போவியா?" என்று அப்பா கேட்டார். "போவல்ல" என்றேன். "சரி" என்றார். அந்தச் 'சரி'யை நான் இன்றுவரை அவருக்கு மன்னிக்கவில்லை. இரண்டு அடி அடித்து அனுப்பியிருக்கலாம். மூன்று மாதம் சர்ச்சின் தையல் வகுப்புக்குப் போனேன், ஜாக்கெட் தைக்கக் கற்றேன். அக்குள் தையலை இரண்டு தரம் ஓட்டுவேன். இன்றும் அப்படித்தான். கடையில் எல்லோரும் எதற்கு என்று கேட்பார்கள். உன் அப்பா என் அத்தை மகன் என்பதால்தான் பத்து முடிக்காத எனக்கு அமெரிக்கா கிடைத்தது. இல்லாவிட்டால் எந்த இன்ஜினியர் கட்டியிருப்பான்?

இதை நீ ஏன் அறியவில்லை என்று கேட்டால், குற்றம் என்னுடையது. அதை நான் மறைக்கப் போவதில்லை. அமெரிக்காவில் இந்தக் காப்பெலுக்கு வந்த புதிதில் ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் உன்னை "மக்களே, இங்க வா" என்று கூப்பிட்டேன். எங்கள் ஊரில் ஒரே பிள்ளையாக இருந்தாலும் அப்படித்தான் கூப்பிடுவோம். "என்ன, மீட்டிங்ல பேசறீங்களா?" என்று ஒருத்தி சிரித்தாள். அன்றிலிருந்து வெளியில் உன்னைச் செல்லம் என்றேன், கண்ணா என்றேன். எந்த ஊர் என்று கேட்டால் திருவனந்தபுரம் பக்கம் என்றேன். "நீங்க எந்த ஆளுங்க?" என்று சிலர் நைசாகக் கேட்பார்கள். "நாங்க கிறிஸ்டியன்ஸ்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவேன். யாரும் எதையும் கிழிக்காத ஊருக்கு வந்த பிறகும் நான் துணியை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தேன்.

நான்காம் வகுப்பில் உனக்கு ஹெரிடேஜ் டே வந்தது. உன் குடும்பம் பரம்பரையாக என்ன உடுத்தியது என்று போட்டுக்கொண்டு வர வேண்டும். எனக்குப் பயமாகிவிட்டது. பக்கத்து அப்பார்ட்மென்ட் பெண்ணின் பரதநாட்டிய உடையை இரவல் வாங்கினேன். நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், சலங்கை, எல்லாம். நம் வீட்டில் எந்தத் தலைமுறையிலும் ஒரு பெண் சலங்கை கட்டியதில்லை. போஸ்டர் போர்டில் உன் படத்தை ஒட்டி, அதன் கீழே நான்தான் மார்க்கரால் ஆங்கில எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து எழுதினேன்: என் குடும்பத்தின் பாரம்பரிய உடை. நீ கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "டிட் யுவர் மாம் வேர் திஸ்?" என்று கேட்டாய். "ஆமா" என்றேன். உன் டீச்சர் முதல் பரிசு என்று உனக்கு நீல ரிப்பன் குத்தி அனுப்பினார். உன் படத்தின் கீழே பொய் எழுதியதில் நீ முதல் ஆள் இல்லை. நான்தான். உனக்கு அப்போது ஒன்பது வயது, எனக்கு முப்பத்தி மூன்று.

ஆனால் உனக்கு இப்போது ஒன்பது வயது இல்லை. பெரிய வீட்டுப் பெண்கள் அடுத்தவள் துணியைப் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனதைப் பற்றி நீ ஒரு புத்தகமே எழுதியிருக்கிறாய். அடுத்தவர் படத்தில் இரவல் துணியைக் கண்டுபிடிக்கிற உனக்கு, உன் படத்தில் எது இரவல் என்று கேட்கத் தோன்றவில்லையே. படத்துக்குக் கீழே எழுதிய அந்த நினைப்பை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியும். பிஸ்கட்டவேயில் இருக்கும் உன் வருங்கால மாமியார் வீடியோ காலில் சொன்னது எனக்கு ஒரு வார்த்தை மறக்கவில்லை. "எங்க கொள்ளுப்பாட்டி எல்லாம் ரவிக்கையே போட்டதில்ல சம்மந்தி, அவ்ளோ ஆசாரம்! இந்தப் படம் எவ்ளோ ஆதென்டிக்கா இருக்கு பாருங்கோ. ரிசப்ஷன் வாசல்ல பெருசா வச்சிடலாம்." நீ தலையாட்டினாய். நானும் தலையாட்டினேன். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கொள்ளுப்பாட்டி வேண்டாம் என்று போடாமல் இருந்திருப்பார், அதை ஊர் கும்பிட்டிருக்கும். நம் பெண்கள் வேண்டும் என்று போட்டார்கள், அதை ஊர் கிழித்தது. இரண்டு தோளும் படத்தில் ஒன்று போலத்தான் இருக்கும். அதனால்தான் கீழே எழுதுகிற வாக்கியத்தை யோசித்து எழுத வேண்டும். இது உன் தொழில், நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை எனக்குக் கடை லீவு. டோல் ரோட்டில் ஓட்டப் பயம் என்பதால் உள்ரோடுகளிலேயே ஒன்றரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு தனியாக உன் மியூசியத்துக்கு வந்தேன். போனில் அகராதி பார்த்து, ஆங்கிலத்தில் வீட்டிலேயே அந்தத் தாளை எழுதிக்கொண்டு வந்திருந்தேன். பிழை இருந்திருக்கும். 'இந்தப் பெண்ணின் முன்னோர் பெண்கள் விரும்பி இப்படி நடக்கவில்லை. மேலே துணி போட அவர்களுக்கு அனுமதி இல்லை. போட்டவர்களின் துணியைச் சந்தையில் கிழித்தார்கள். எழுதுவது இவளுடைய அம்மா.' அவ்வளவுதான். கடையிலிருந்து எடுத்துவந்த டேப்பால் நான்கு மூலையும் ஒட்டினேன். ஒரு மூலை கோணலாகிவிட்டது. அதைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே காவலர் வந்துவிட்டார். உயரமான மனிதர், என்னைவிட வயதானவர்.

"மேடம், சுவத்துல எதுவும் ஒட்டக் கூடாது" என்றார்.

"இது என் பொண்ணு" என்றேன், போட்டோவைக் காட்டி.

அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குனிந்து என் தாளை வாசித்தார். முழுவதும் வாசித்தார், இன்றுவரை அதை முழுவதும் வாசித்த ஒரே ஆள் அவராக இருக்கலாம். "ஐ ஆம் சாரி, மேடம்" என்றார். எதற்காகச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு சுவரின் பெயின்ட் உரியாமல் நகத்தால் டேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுத்து, தாளை மடித்து ஆபீசுக்குக் கொண்டுபோனார். நீ அதைப் பார்த்தாயா? அல்லது என்ன ஒட்டினேன் என்று கேட்காமலேயே என்னிடம் கோபப்பட்டாயா? போனில் நீ பேசியதை வைத்துப் பார்த்தால் பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஆபீசில் கேள், வைத்திருப்பார்கள். நீங்கள் எதையும் தூக்கிப்போடாத ஆட்கள்தானே.

சர்ச் ஆன்ட்டிகளுக்காக நான் அதைச் செய்யவில்லை. உன் தோள் உன்னுடையது, மூடு, மூடாதே, எனக்கு அதில் வழக்கு இல்லை. அந்தப் பெண்கள் அடி வாங்கியதுகூட உன் இஷ்டம் உன்னிடம் இருக்க வேண்டும் என்றுதான். படத்தை இறக்கு என்றும் நான் கேட்கவில்லை. நீ ஜாக்கெட் இல்லாமல் நிற்கலாம். அவர்கள் சுதந்திரமாக நின்றார்கள் என்று சொல்லக் கூடாது. ஒரு பெண் சந்தையில் கிழிந்த துணியைக் கையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்ததை நீ உன் பெயர் போட்டு அழித்துக்கொண்டிருக்கிறாய். டீச்சர் பாதி சொன்னார். நீ அந்தப் பாதியையும் அலங்காரம் பண்ணிவிட்டாய். உன்னிடம் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். கேள். எனக்கு யோக்கியதை இல்லை. முப்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு இன்று டேப்பை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனாலும் வாக்கியம் தப்பு, தப்புதான்.

உன் அப்பா, "விடுடி, கல்யாண நேரத்துல எதுக்கு இதெல்லாம், கல்யாணம் முடியட்டும்" என்கிறார். என் அப்பா சொன்ன 'சரி' மாதிரிதான் இதுவும். கண்காட்சிப் புத்தகம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்று நீதான் சொன்னாய். அச்சில் அந்த வாக்கியமும் வந்துவிட்டால் அது லைப்ரரிகளுக்குப் போகும். ஐம்பது வருஷம் கழித்து உன்னைப் போல ஒருத்தி காகிதங்களைப் புரட்டும்போது, அவர்கள் வீட்டுப் பெண்ணே எழுதியிருக்கிறாள், அப்புறம் என்ன சந்தேகம் என்று அதை நம்புவாள். அதனால் வியாழக்கிழமை வா. கடை ஆறு மணிக்கு மூடும். உன் ஆராய்ச்சிக்குப் போகும்போது எடுத்துப்போகிற ரெக்கார்டரைக் கொண்டுவா. தெரியாதவர்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்பதைப் போல என்னிடம் கேள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்றாலும், யாரிடம் மீதியைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஊரில் என் பெரியம்மா மகள் இருக்கிறாள், அவளிடம் போனில் பேசலாம். கேட்டுவிட்டு நீயே எழுது, உன் நல்ல ஆங்கிலத்தில். என் தாளை ஒட்ட வேண்டாம்.

நீ வரவில்லை என்றாலும் கல்யாணத்துக்கு நான் வருவேன். சர்ச்சில் முன்வரிசையில் உட்காருவேன், உன் ஜாக்கெட்டையும் உன் தோழிகளின் ஜாக்கெட்டுகளையும் நான்தான் தைத்துத் தருவேன். ஆனால் அந்தப் படம் அதே வாக்கியத்தோடு ரிசப்ஷன் வாசலில் நின்றால், நான் மேடைக்கு வர மாட்டேன். வாசலிலேயே அதன் பக்கத்தில் நிற்பேன். வருகிறவர்களிடம், வாக்கியத்தை விரலால் காட்டி, இது உண்மை இல்லை, நடந்தது வேறு என்று சொல்வேன். உன் மாமியாரிடமும் சொல்வேன், எங்கள் சாதியின் பெயரைச் சொல்லியே சொல்வேன். என்னை உனக்குத் தெரியும். முதல் ஆளிடம் எனக்குக் குரல் வராது. இரண்டாவது ஆளிடம் தடுமாறும். மூன்றாவது ஆளிடம் வந்துவிடும். நீங்கள் அழைத்திருப்பது நானூறு பேர்.

அம்மா